எய்லன் டோனன்: காலடியில் கிடக்கும் கோட்டை

வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போயிருந்தோம். எய்லன் டோனன் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்த அதே கோட்டை, அதே பாலம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, கட்டி முடித்ததே 1932இல் என்று. நாங்கள் கிளாஸ்கோவில் வாடகைக்கு இருக்கும் வீடே 1890களில் கட்டியது. மனசு விட்டுப்போயிற்று. இதை இடைக்காலக் கோட்டை என்று சொல்வது சரிதானா?

எஸ்., கிளாஸ்கோ

அன்புள்ள எஸ்.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டையின் மிச்சம் அந்தத் தீவில் இருக்கத்தான் செய்கிறது. எல்லோரையும் போல நீங்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள். அது காலடியில் கிடக்கிறது.

டூயிக், லாங், ஆல்ஷ் என்ற மூன்று கடற்கழிகள் கூடும் இடம் அது. எந்தப் பக்கமிருந்து படகு வந்தாலும் தெரியும். முதலில் கட்டியவர்கள் தீவின் பெரும்பகுதியை மதிலால் வளைத்தார்கள். பின்னால் கோட்டை சுருங்கியது. பீரங்கிக் காலம் வந்ததும் கிழக்கே ஒரு முன்காப்பு சேர்ந்தது. 1719இல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி கொண்டுவர நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சிக்குத் துணையாக வந்த ஸ்பானிய வீரர்கள் சிலர் அங்கே தங்கியிருந்தார்கள். மே 10ஆம் தேதி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து சுட்டன. சுவர் சில இடங்களில் 14 அடி கனம். பீரங்கிக் குண்டு அதை அதிகம் அசைக்கவில்லை. கடைசியில் ஆட்கள் இறங்கிப் பிடித்து, 27 பீப்பாய் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பிறகு 200 ஆண்டுகள் கற்குவியல்தான்.

1911இல் ஜான் மெக்ரே-கில்ஸ்ட்ராப் என்ற ராணுவ அதிகாரி தீவை வாங்கினார். மெக்ரே குலத்தார் மெக்கென்சி தலைவர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக இந்தக் கோட்டையைக் காவல் காத்தவர்கள். ‘மெக்கென்சியின் இரும்புச்சட்டை’ என்றே அவர்களுக்குப் பெயர். கோட்டையை மறுபடி கட்டும் வேலையை மேற்பார்த்தவர் அந்தப் பக்கத்துக் கொத்தனார் பர்குஹர் மெக்ரே. கோட்டை முழுசாக நின்ற கோலத்தை அவர் கனவில் கண்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். கட்டடக்கலைஞர் ஜார்ஜ் மெக்கி வாட்சன்.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. கோட்டை இடிவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1714இல், லூயிஸ் பெட்டி என்ற படைப் பொறியாளர் அதை அளந்து வரைந்து வைத்திருந்தார். அந்த வரைபடம் வெளிச்சத்துக்கு வந்தபோது புதிய கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. அதில் இருக்கும் கோட்டையும் இன்றைய கோட்டையும் பல விவரங்களில் ஒத்துப்போகவில்லை.

பாலமும் அப்படித்தான். நீங்கள் பிஸ்கட் டப்பாவில் பார்த்த கல் பாலம் இந்த மறுகட்டுமானத்தோடு வந்தது. அதற்கு முன்பெல்லாம் கடல் வற்றியிருந்தால் நடந்து போகலாம், ஏறியிருந்தால் படகு வேண்டும். கோட்டைக்குப் பாதிக் காவல் அந்தத் தண்ணீர்தான். எந்நேரமும் போய்வர ஒரு பாலம் போட்ட அன்றே அது கோட்டையாக இருப்பதை விட்டு வீடாகிவிட்டது.

ஊகித்துக் கட்டாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லி இங்கிலாந்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் ஒரு சங்கம் தொடங்கியது 1877இல். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனம் 1964இல் எழுதியே வைத்தது. அந்த அளவுகோலில் எய்லன் டோனன் தேறாது. இன்று யாராவது இப்படிச் செய்யக் கிளம்பினால் நானும் எதிர்ப்பேன்.

ஆனாலும் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை நடந்த இருபது ஆண்டுகளுக்குள்ளே முதல் உலகப் போர் வந்து போனது. அதில் செத்த மெக்ரேக்களின் பெயர்கள் கோட்டை அருகிலேயே கல்லில் இருக்கின்றன. விருந்துக்கூடத்தின் உத்தரங்கள் கனடாவுக்குக் குடிபோன மெக்ரேக்கள் அனுப்பிய மரம். இடிந்துபோன குலவீட்டைக் கடல் கடந்து போனவர்களும் சேர்ந்து எழுப்பியிருக்கிறார்கள். அதை 1932ஆம் வருடத்துக் கட்டடம் என்றே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதன் மரியாதை குறையாது. காலண்டர்காரர்கள் சொல்வதில்லை, அதுதான் குறை.

மறுபடி போனால் கடல் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். முதலில் கரையிலேயே நின்று, பாலத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தீவை மட்டும் பாருங்கள். பிறகு உள்ளே போய், கட்டடத்துக்கு வெளியே புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஓடும் சுவர்களைத் தேடுங்கள். ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். தீவை முதலில் வளைத்த மதில்களில் மிஞ்சியது அதுதான். பிள்ளைகளை அந்த வரிசையோடு நடக்கச் சொல்லுங்கள், கோட்டை எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கே தெரியும்.