மனுவலா, ஓட்டோவா? வெளிச்சம் மாறும்போது டைம்லாப்ஸ்: கேள்வி-பதில்

கேள்வி: காலிமுகத்திடலில் சூரியன் மறைவதிலிருந்து விளக்குகள் எரியும் வரை ஒரே டைம்லாப்ஸாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓடும் வீடியோவாக) எடுக்க ஆசை. மனுவலில் (எல்லா அளவையும் கையால் வைக்கும் முறையில்) வைத்தால் பாதியிலேயே இருண்டுபோகிறது. என்ன செய்யலாம்? (வெள்ளவத்தை வாசகி)

இதற்கு மனுவலை விட்டுவிட்டு அபர்ச்சர் பிரயோரிட்டிக்கு வாங்க: அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, நீங்கள் வைக்க, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். கொழும்பு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராகவே கடலுக்குள் இறங்கும், மறைந்து 20, 25 நிமிடத்தில் மம்மல் கூடப் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்குள் வெளிச்சம் பல ஸ்டொப் குறைகிறது (ஒரு ஸ்டொப் என்றால் பாதியாகக் குறைவது). அதைக் கையால் துரத்திக்கொண்டிருந்தால் கமரா ஆடும், ஒவ்வொரு திருப்பலும் வீடியோவில் ஒரு வெட்டாகத் தெரியும்.

அபர்ச்சரை எஃப் 5.6-இல் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) ஓட்டோவில் விட்டு, உச்ச அளவு 1600 என்று கட்டிவையுங்கள். ஓட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் மினிமம் ஷட்டர் ஸ்பீட் (ஐஎஸ்ஓவை ஏற்றும் முன் ஷட்டர் எவ்வளவு மெதுவாகலாம் என்ற எல்லை) என்று ஒன்று இருக்கும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. அது 1/60-இல் கிடந்தால், பொழுது சாயத் தொடங்கியதுமே கமரா ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும், படம் மணல் தூவினாற்போல ஆகிவிடும். 1 செக்கனுக்கோ, மெனு விடும் அளவுக்கோ இறக்கிவையுங்கள். இடைவெளி 6 செக்கன் போதும்: மறைவுக்கு அரை மணி முன்னும் அரை மணி பின்னும் எடுத்தால் 600 படம், செக்கனுக்கு 25 ஃபிரேம் (படம்) கணக்கில் 24 செக்கன் வீடியோ.

இன்னும் ஒன்று, கமராவுக்கு இரவு என்றால் இரவென்று தெரியாது, அதையும் பகல்போல வெளுக்கப் பார்க்கும். அதனால் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் அமைப்பை) தொடக்கத்திலேயே -0.7-இல் வைத்துவிடுங்கள். மீட்டரிங் (கமரா வெளிச்சத்தை அளக்கும் முறை) முழு ஃபிரேமையும் பார்க்கும் வகையாக இருக்கட்டும். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் வேண்டவே வேண்டாம். மறைன் டிரைவ் பக்கம் எடுக்கும்போது ரயிலின் முன்விளக்கு அந்தப் புள்ளியில் விழுந்தால் அந்த ஃபிரேம் மட்டும் சட்டென்று இருளும். அப்புறம், கடற்காற்று லென்ஸில் உப்பைப் பூசிவிடும், தொடங்கும் முன் ஒருதரம் துடையுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியிலிருந்து பகல் மேகங்களை எடுத்தேன், அபர்ச்சர் பிரயோரிட்டியில்தான். வீடியோ முழுக்க மினுங்குகிறது. (கொட்டாஞ்சேனை)

இங்கே நேர் எதிர். மேகம் சூரியனை மறைப்பதும் விலகுவதும், அதன் நிழல் கூரைகள்மேல் ஓடுவதும்தானே நீங்கள் காட்ட வந்தது? கமரா அதைத் தவறென்று நினைத்து ஒவ்வொரு தரமும் திருத்துகிறது. எல்லாமே மனுவலில் இருக்கட்டும்: ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ. சூரியன் வெளியே இருக்கும் நேரத்தில் அளந்து, ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை, அது அழகுதான்.

மனுவலிலும் மினுங்கினால் அபர்ச்சர் இதழ்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடியுள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கமராவில்) ஒவ்வொரு படத்துக்கும் அவை மூடித் திறக்கும், ஒவ்வொரு தரமும் மயிரிழை வித்தியாசம் வரும். எஃப் 11, 16 என்று மூட மூட அது கூடுதலாகத் தெரியும். லென்ஸை முழுதாகத் திறந்து, வெளிச்சத்தைக் குறைக்க என்டி ஃபில்டர் போடுங்கள், அல்லது அபர்ச்சர் வளையம் உள்ள, கமரா இதழ்களை இயக்காத பழைய மனுவல் லென்ஸ் ஒன்றைத் தேடிப்பிடியுங்கள், கையால் வைத்த இடத்திலேயே நிற்கும். டிஎஸ்எல்ஆரின் கண்பார்வைத் துளையையும் மூடிவிடுங்கள், ஓட்டோவில் எடுக்கும்போது அதனூடாகப் பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் மீட்டரைக் குழப்பும்.

கேள்வி: ஷட்டர் பிரயோரிட்டி எதற்காவது உதவுமா?

டைம்லாப்ஸுக்கு உதவாது. ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க, அபர்ச்சரைக் கமரா மாற்றும் முறை அது, அதனால் அபர்ச்சர் ஆடிக்கொண்டே இருக்கும், மினுக்கமும் வரும், ஃபோகஸ் ஆழமும் மாறும்.

கேள்வி: வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை)?

டேலைட்டில் பூட்டிவிட்டு ரோவில் (சென்சர் தந்த தரவை அப்படியே வைக்கும் கோப்பில்) எடுங்கள். ஓட்டோவில் விட்டால் அந்திச் சிவப்பைக் கமரா கழுவிவிடும்.

கேள்வி: புறக்கோட்டையில் இரவுக் கடைத்தெருவை எடுத்தால் சில ஃபிரேம்களில் மட்டும் விளக்குகள் மங்குகின்றன. கமரா பழுதா?

பழுதில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. 1/250 போன்ற வேகத்தில் அந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு துண்டுதான் படத்தில் விழும். மனுவலில் 1/50 அல்லது 1/25 வையுங்கள். அரை செக்கன் போனால் இன்னும் நல்லது, நடப்பவர்களும் முச்சக்கரவண்டிகளும் இழுபட்டு ஓட்டமாகத் தெரிவார்கள்.

கேள்வி: என்னிடம் ஐஃபோன் மட்டும்தான். (பல்கலைக்கழக மாணவர்)

தாராளமாகப் போதும். மேகத்துக்கு, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். அந்திக்குப் பூட்டாதீர்கள், அதன் போக்கில் விடுங்கள். நீண்ட நேரம் ஓடினால் ஃபோன் தானாகவே இடைவெளியைக் கூட்டிவிடும். அது பிடிக்காவிட்டால் இடைவெளியை நீங்களே வைக்கக்கூடிய வேறு அப் ஒன்றைப் போடுங்கள், பவர் பேங்கையும் கூடவே சொருகிவிடுங்கள்.