ஜெர்மன் வகுப்பில் தமிழ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் ஜெர்மன் கற்பிக்கிறேன். என் மாணவிகளில் பெரும்பாலோர் ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் செவிலியர்கள். ‘நேரடி முறை’தான் நவீனமானது என்று சொல்லி, வகுப்பில் ஜெர்மன் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று மையத்தில் விதி வைத்திருக்கிறார்கள். மாணவிகள் வாய் திறப்பதே இல்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் முழுக்க இலக்கண அட்டவணைகள். அங்கே படித்தவர்கள் தேர்வுத்தாளை நிரப்பிவிடுவார்கள், கேள்வி கேட்டால் விழிப்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிரஷெனோ புரியும்படி நிறையக் கேட்டாலே மொழி வந்துவிடும் என்கிறார். எந்த முறைதான் சரி?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்த விதியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மாணவிகளின் மௌனத்துக்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1878இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மொழிப் பள்ளி தொடங்கி, நேரடி முறையைப் பரப்பியவர்களில் ஒருவரான மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ், பிரெஞ்சு கற்பிக்க ஒருவரை அமர்த்தினார். வந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெர்லிட்ஸ் நோயில் விழுந்துவிட, அவர் பொருள்களைக் காட்டியும் சைகை செய்தும் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தினார், மாணவர்களும் நன்றாகத் தேறினார்கள் என்று அந்த நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரியாத இடத்தில் வேறு வழியே இல்லை. அந்த நிலைமை திருச்சியில் ஏன் விதியாக வேண்டும்? அக்காலத்தில் மொழிக் கற்பித்தலைச் சீர்திருத்த முயன்றவர்களில் முக்கியமானவரான ஹென்றி ஸ்வீட்கூட, பொருளை விளக்கத் தாய்மொழி உதவும் என்றே கருதினார்.

ஜெர்மனைப் பொறுத்தவரை தமிழ் உங்களுக்குக் கூடுதல் வசதி. ‘மியர் கெஃபெல்ட் தாஸ் ட்ஸிம்மர்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலம் வழியாக விளக்கினால் ‘நான்’ எழுவாயாகிவிடும், மாணவி குழம்புவாள். தமிழில் ‘எனக்கு அறை பிடித்திருக்கிறது’ என்றால் போதும். அறைதான் எழுவாய், ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. இரு மொழியிலும் அமைப்பு ஒன்றே. சார்பு வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போவதும் தமிழருக்கு அந்நியமல்ல. இவற்றையெல்லாம் இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லிவிட்டு ஜெர்மனுக்குத் திரும்பலாம்.

கிரஷென் சொல்வதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். பொருள் புரியாமல் காதில் விழும் ஒலியால் பயனில்லை, பயந்த மனதில் மொழி ஏறாது. கேட்டாலே போதும் என்ற மறுபாதிக்குக் கனடாவின் அனுபவம் தடையாக நிற்கிறது. 1965இல் மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வழியிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அத்தகைய பள்ளிகள் பெருகிய பிறகு மொழிக் கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் அந்தப் பிள்ளைகளின் மொழியை ஆராய்ந்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கியிருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் ஆண்டுக்கணக்கில் படித்த பின்னும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. தான் சொல்ல நினைத்ததைச் சரியாகச் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் வரும்போதுதான் தன் மொழியில் எங்கே ஓட்டை என்று ஒருவருக்குத் தெரிகிறது. 1985இல் ஸ்வெய்ன் முன்வைத்த வாதத்தின் சாரம் இது.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவர் என்று நான் நினைப்பது, ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த இந்திய அறிஞர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் அவரும் சக ஆசிரியர்களும் ஆங்கிலத்தை வேறு விதமாகக் கற்பித்துப் பார்த்தார்கள். இலக்கண வரிசை கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்ற ஏதாவது ஒன்றை முன்னால் வைத்து, யோசித்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகளைக் கேட்பார்கள். முதலில் ஒன்றை வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து செய்யும், பிறகு அதே போன்ற இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது பொருத்தமான பணி. மனம் பொருளைத் தேடும்போது மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது பிரபுவின் துணிபு. பின்னர் நடந்த மதிப்பீடு பொதுவாகச் சாதகமாகவே இருந்தது, அளந்த விதம் குறித்து விவாதம் நீடித்தாலும். நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்த இந்த முயற்சியை உலகெங்கும் மொழியாசிரியர்கள் படிக்கிறார்கள். இங்கே பயிற்சி மையம் நடத்துபவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

செவிலியர்களுக்கு இதைவிட வளமான பொருள் வேறெங்கே கிடைக்கும்? ஒரு வார்டின் பணிநேரப் பட்டியலை ஜெர்மனில் தயாரியுங்கள். ஒருவர் விடுப்பு கேட்கிறார், இரவுப்பணிக்கு யாரை மாற்றலாம் என்று கேளுங்கள். நான்கு நோயாளிகளின் மருந்துக் குறிப்பைக் கொடுத்து, காலை எட்டு மணிக்கு யாருக்கு எது, அதில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தினம் வேலையில் செய்பவைதான் என்பதால் துணிந்து வாய் திறப்பார்கள்.

ஓர் இடத்தில் பிரபுவிடமிருந்து விலகுகிறேன். மாணவர்கள் ஒருவர் பிழையை மற்றவர் உறுதிப்படுத்திவிடக்கூடும் என்று அவர் குழுப்பணியைத் தவிர்த்தார். உங்கள் மாணவிகள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர், அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கட்டாயம் வேண்டும். இருவர் இருவராகப் பேசவிட்டு, நீங்கள் சுற்றிவந்து பிழைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் அந்தப் பிழைகளில் இரண்டு மூன்றை மட்டும் கரும்பலகையில் எழுதித் தமிழில் விளக்குங்கள். பழைய இடத்தின் அட்டவணைகளுக்கு அப்போது வேலை வரும், தேவை எழுந்த பிறகு.

எந்த முறை சரி என்று கேட்டிருந்தீர்கள். மிகச் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்பதை பிரபு 1990இல் ஒரு கட்டுரையில் விரிவாக வாதிட்டார். கற்றல் எப்படி நடக்கிறது என்பது பற்றி ஆசிரியருக்குள் ஒரு நம்பிக்கை உயிரோடு இருக்க வேண்டும், அது வகுப்பைப் பார்த்துப் பார்த்து மாறவும் வேண்டும் என்கிறார். மேலிருந்து வரும் விதி அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கொல்கிறது. ஒரே ஒரு வகுப்புக்காவது விதிவிலக்கு கேட்டுப் பாருங்கள். நீங்கள் தயாரிக்கும் பணிகளை அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன், மற்ற ஊர்களில் ஜெர்மன் கற்பிப்பவர்களுக்கும் உதவும்.