ஒரு வருட ஒப்பந்தமா, பல்கலைக்கழகமா? லீக் டூ கிளப்பில் கையெழுத்திடும் முன்

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. லீக் டூ (இங்கிலாந்தின் நான்காம் மட்ட லீக்) கழகம் ஒன்றில் அவனுடைய இரண்டு வருட ஸ்காலர்ஷிப் (இளையோர் பயிற்சி ஒப்பந்தம்) இந்த ஜூனோடு முடிகிறது. நடுக்களத்தில் விளையாடுகிறான். கழகம் ஒரு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாரம் 450 பவுண்ட் சம்பளம், ஆட்டத்துக்கு 150 பவுண்ட். இன்னொரு வருடம் நீட்டிக்கிற உரிமை கழகத்துக்கு உண்டு. ஏஜென்ட் "உடனே கையெழுத்து வையுங்கோ" என்கிறார். செப்டம்பரில் பல்கலைக்கழக இடமும் இருக்கிறது. தமிழ்ப் பையன் விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடுவதைப் பார்த்ததிலிருந்து மகனுக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மட்டத்தில் உதைபந்தாட்டத்தை ஒரு தொழிலாக நம்பலாமா? - ஒரு தந்தை, ஹாரோ, லண்டன்.

பதில்: கையெழுத்திடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை மாற்றிக் கேட்ட பிறகு, பல்கலைக்கழக இடத்தையும் விட்டுவிடாமல். "தொழிலாக நம்பலாமா" என்ற கேள்விக்கு நேரான பதில்: கீழ் லீக்குகளில் இது ஒரே வேலையாக நீளும் தொழில் அல்ல. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அடுத்தடுத்துக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களின் தொடர்ச்சிதான் இங்கே ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கை. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அடுத்த ஒப்பந்தத்துக்கு வழி திறக்கிறதா என்று பார்த்தே எடைபோட வேண்டும். 18 வயதில் அந்த வழியைத் திறப்பது பெரியவர்களோடு மோதிய ஆட்டங்களின் எண்ணிக்கை. சம்பளம் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் பணம். வாரம் 450 என்றால் வருடத்துக்கு 23,400 பவுண்ட். 2025-26 வரி ஆண்டின் கணக்குப்படி 12,570 வரை வருமான வரி இல்லை. மீதிக்கு 20 சதவீத வரியும் 8 சதவீத தேசியக் காப்பீடும் போனால் கைக்கு வருவது சுமார் 20,370. வாரத்துக்கு 390 பவுண்ட் அளவில். இதில்தான் பயிற்சி மைதானத்துக்கு அருகே அறை வாடகை, கார், காப்பீடு எல்லாம். வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரம் என்றால், தங்கும் செலவில் கிளப் எவ்வளவு ஏற்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டுக்கான கட்டணத்தை மகன் சார்பில் கிளப் செலுத்தினால், அந்தத் தொகை மகனுக்குக் கிடைத்த சலுகையாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் வரி வரும். பலர் இதை அடுத்த வருடம் வரிக் கடிதம் வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

இனி மாற்றிக் கேட்க வேண்டியவை. "ஆட்டத்துக்கு 150 பவுண்ட்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். "முதல் அணி லீக் ஆட்டத்தில் தொடக்கப் பதினொருவரில் இடம்பெற்றால்" என்று இருக்கலாம். அப்படியானால் மாற்று ஆட்டக்காரராக 20 முறை இறங்கினாலும் ஒரு பவுண்டும் வராது. "களத்தில் இறங்கினால்" என்று இருந்தால் அதே 20 முறைக்கு 3,000 பவுண்ட். இப்போது ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்பதால், 18 வயது மிட்ஃபீல்டருக்கு முதல் பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் 70ஆவது நிமிடத்துக்குப் பிந்தைய நேரம்தான். "லீக் ஆட்டம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். இளையவர்களை மேலாளர்கள் முதலில் சோதிப்பது கீழ் லீக் அணிகளுக்கான கோப்பையான ஈ.எஃப்.எல். டிராஃபி ஆட்டங்களில்; அவை லீக் ஆட்டங்கள் அல்ல. எனவே கேட்க வேண்டியது: தொடக்கத்தில் ஆடினால் 150, மாற்றாக இறங்கினால் 75, கோப்பை ஆட்டங்களும் சேர்த்து. பேரம் பேசும் கிளப்கள் பொதுவாக இதற்கு இணங்கும். ஆடினால் மட்டுமே தர வேண்டிய பணம் அது.

அடுத்தது அந்த நீட்டிப்பு உரிமை. இப்போதிருக்கும் வடிவில் அது முழுக்கக் கிளப்புக்குச் சாதகம். மகன் நன்றாக ஆடினால் அதே 450க்கு இன்னொரு வருடம் கட்டிவைக்கலாம். ஆடாவிட்டால் போகச் சொல்லலாம். உரிமையையே எடுக்கச் சொன்னால் ஒப்பந்தமே போய்விடக்கூடும். ஆனால் இரண்டாம் வருடச் சம்பளம் எவ்வளவு உயரும் என்பதை இப்போதே எழுதச் சொல்லலாம். முடிவைத் தெரிவிக்க ஒரு கடைசித் தேதியும் கேளுங்கள். "20 ஆட்டங்களில் தொடங்கினால் தானாக நீளும்" என்று ஏஜென்ட் மாற்று வழி சொல்வார். அதில் ஒரு ஆபத்து உண்டு. 18, 19 ஆட்டங்கள் ஆனதும், பணம் மிச்சம் பிடிக்கிற கிளப்பில் அந்த ஆட்டக்காரரின் பெயர் பட்டியலில் இருந்து காணாமல் போகும். பயிற்சியில் குறை ஒன்றும் இருக்காது. யாரும் காரணமும் சொல்ல மாட்டார்கள். எண்ணைக் கேட்பதானால் 10 அல்லது 12 போதும், மாற்றாக இறங்கியவையும் சேர்த்து.

மூன்றாவது, அணி ஏறினால், இறங்கினால் சம்பளம் என்ன ஆகும் என்ற வரி. லீக் டூவிலிருந்து வருடத்துக்கு இரண்டு அணிகள் ஐந்தாம் மட்டமான நேஷனல் லீக்குக்கு இறங்குகின்றன. இறங்கினால் சம்பளம் எத்தனை சதவீதம் குறையும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், நான்கு அணிகள் ஏறும் லீக் ஒன்னுக்குப் போனால் எத்தனை சதவீதம் கூடும் என்ற வரியும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருப்பதை ஏற்காதீர்கள்.

ஒப்பந்தத் தாளில் இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: மகன் வாராவாரம் எங்கே ஆடப்போகிறார்? லீக் டூ கிளப்கள் பலவற்றில் 21 வயதுக்குட்பட்டோர் அணியே கிடையாது. 18 வயதுக்குட்பட்டோர் அணியை விட்டு வெளியே வந்ததும், முதல் அணியில் இடம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பயிற்சி மட்டும் செய்துவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்து அணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் ஆட்டக்காரர்கள் ஏராளம். உடல்தகுதி இருக்கும், ஆட்டத்தகுதி இருக்காது. மே மாதம் வந்ததும் மேலாளரால் "இவரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

நடுக்களக்காரருக்கு இது கூடுதலாகப் பாதிக்கும். விங்கில் ஒரு பையன் பந்தை இழந்தால் பின்னால் ஃபுல்பேக் இருக்கிறார். நடுவில் இழந்தால் நேரே கோலுக்கு ஓடுகிறார்கள். அதனால் மேலாளர்கள் விங்கரையும் ஃபுல்பேக்கையும் துணிந்து இறக்குவார்கள், மிட்ஃபீல்டரைத் தாமதிப்பார்கள். அந்தத் தயக்கத்தை உடைப்பது லோன், அதாவது வேறு அணிக்குத் தற்காலிகமாக ஆடப் போவது. ஆறாம் மட்டமான நேஷனல் லீக் நார்த், சவுத் அணிகளுக்கு லோனில் போனால் சனிக்கிழமைகளில் வளர்ந்த ஆட்களோடு மோதலாம். அந்த அணிகள் பல வாரத்தில் இரண்டு மாலைதான் பயிற்சி செய்கின்றன. மற்ற நாட்களில் சொந்தக் கிளப்பிலேயே பயிற்சி தொடரலாம். ஒப்பந்தத்தில் லோன் வாக்குறுதியை எழுத மாட்டார்கள். ஆனால் கையெழுத்துக்கு முந்திய சந்திப்பில் மேலாளரிடம் நேரே கேளுங்கள்: செப்டம்பர் முடிவில் முதல் அணியில் இடமில்லை என்றால் லோனுக்கு விடுவீர்களா? எந்த அணிகளோடு உங்களுக்குத் தொடர்பு? லோன் ஆட்டங்களுக்கு ஆட்டப் பணம் உண்டா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லாத கிளப், மகனுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கவில்லை.

லோனில் மிட்ஃபீல்டரிடம் பார்ப்பது என்ன? நீளமாக அடிக்கப்பட்ட பந்து தலையில் பட்டுத் தெறித்து விழும் இடத்தை முன்கூட்டியே கணித்து எடுப்பது. பந்து வருவதற்கு முன் இரண்டு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவைப்பது. இரண்டு தொடுகையில் முன்னோக்கிப் போடுவது. கார்னர், ஃப்ரீகிக் அடிக்கத் தெரிந்தால் அது தனி மதிப்பு. இந்த மட்டத்தில் கோல்களில் கணிசமான பங்கு அங்கிருந்துதான். மஞ்சள் அட்டைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 அட்டை என்றால் ஒரு ஆட்டத் தடை, 37 ஆட்டங்களுக்குள் 10 என்றால் இரண்டு, 15 ஆனால் மூன்று. தடைக் காலத்தில் ஆட்டப் பணம் இல்லை. அந்த இடத்தைப் பிடித்தவர் நன்றாக ஆடிவிட்டால் திரும்பவும் பெஞ்ச்தான்.

இந்தப் பாதை எப்படிப் போகும் என்பதற்குக் கோனர் ஹௌரிஹேன் நல்ல உதாரணம். அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த இடதுகால் மிட்ஃபீல்டர். சண்டர்லாந்து, இப்ஸ்விச் இரண்டிலும் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டமும் ஆடாமல் வெளியேறினார். 2011இல் லீக் டூவில் இருந்த பிளைமவுத்துக்குப் போனார். அங்கே மூன்று பருவங்கள் தொடர்ந்து ஆடினார். 2014இல் பார்ன்ஸ்லி. 2016இல் அவர் கேப்டனாக இருந்தபோது பார்ன்ஸ்லி கிளப் மேலே சொன்ன கீழ் லீக் டிராஃபியையும், லீக் ஒன்னிலிருந்து மேலேறுவதற்கான பிளே-ஆஃபையும் வென்றது. 2017 ஜனவரியில் ஆஸ்டன் வில்லா, 2019இல் அவர்களோடு பிரீமியர் லீக். பிறகு 2025இல் அதே பார்ன்ஸ்லியின் தலைமைப் பயிற்சியாளர். கவனிக்க வேண்டியது பிளைமவுத்தின் மூன்று வருடங்கள். பெரிய கிளப்பின் பெயரை விட்டுக்கொடுத்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்த இடம் அது. அவ்வளவு உயரம் போகாமல், லீக் டூவுக்கும் நேஷனல் லீக்குக்கும் இடையே 33, 34 வயது வரை மரியாதையாகச் சம்பாதிப்பவர்களும் உண்டு. 20 வயதில் நிறுத்தப்படுபவர்கள் இவர்கள் எல்லோரையும் விட அதிகம்.

முடிவு சொல்லப்படுவது மே மாதம், பருவம் முடிந்த கையோடு. யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியல் வரும். ஒப்பந்தம் ஜூன் 30 வரை. பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத புதிய ஒப்பந்தம் தரவில்லையென்றால், அதற்குப் பிறகு ஒரு மாதம் வரை, அல்லது வேறு கிளப்பில் சேரும் வரை, அடிப்படைச் சம்பளம் தொடரும். புதிய இடத்தில் சம்பளம் குறைவென்றால் அந்த மாதத்துக்கான வித்தியாசத்தைப் பழைய கிளப் தரும். கேட்காதவர்கள் இதை இழக்கிறார்கள். கிளப் புதிய ஒப்பந்தம் தந்து, மகன் மறுத்து வேறு ஆங்கிலக் கிளப்புக்குப் போனால் நிலைமை வேறு. 24 வயதுக்குக் கீழ் என்பதால் பழைய கிளப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. பணமில்லாத சிறு கிளப்கள் அந்தக் காரணத்துக்காகவே பின்வாங்கும். எனவே விடுவித்தால், இழப்பீடு கோரவில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் பற்றி. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதிநிதித்துவ ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "உடனே" என்பதற்கு அவசியம் இல்லை. வரைவை ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கமான பி.எஃப்.ஏ.வுக்கு அனுப்பினால் படித்துச் சொல்வார்கள். 1907இலிருந்து இயங்கும் சங்கம். சம்பளம் தாமதமானால் முதலில் அழைக்க வேண்டியதும் அவர்களைத்தான். 2019 ஆகஸ்டில் பணச் சிக்கலால் பெரி கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அப்படியும் நடக்கும்.

குடும்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. 2014 ஆகஸ்ட் 1 முதல் இந்த மட்டத்து ஆட்டக்காரர் உலகில் எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது. உள்தகவலைக் கொடுப்பதும் குற்றம். இங்கிலாந்து ஆட்டக்காரர் கீரன் டிரிப்பியருக்கு 2020இல் 10 வாரத் தடை விழுந்தது இதற்காகத்தான். "நாளைக்கு எங்கட பெடியன் தொடங்குறான்" என்று வெள்ளி இரவு சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அதில் யாரோ ஒருவர் பந்தயம் கட்டினால், விசாரணை மகன்மேல்தான். அணி அறிவிக்கப்படும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பல்கலைக்கழக இடத்தை ஒரு வருடம் ஒத்திவைக்கக் கேளுங்கள். ஒத்திவைப்பைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். ஆகஸ்டில் வரும் தேர்வு முடிவுகளுக்கு முன்பே எழுத்தில் கேட்பது நல்லது, கால்பந்து ஒப்பந்தம்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லி. பயிற்சி பெரும்பாலும் பிற்பகலில் முடிந்துவிடும். பயிற்சியாளர் தகுதியான யு.இ.எஃப்.ஏ. சி லைசன்ஸையும் ஓப்பன் யுனிவர்சிட்டியின் ஒரு பாடத்தையும் இந்த வருடமே தொடங்க நேரம் உண்டு. படிப்புச் செலவுக்குப் பி.எஃப்.ஏ. உதவித்தொகை தருகிறது. முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்து அதே கிளப்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

ஜனவரி பரிமாற்றக் காலம் தொடங்கும் முன், டிசம்பர் கடைசி வாரத்தில், மகனோடு உட்கார்ந்து எண்ணுங்கள்: லோனையும் சேர்த்துப் பெரியவர்களோடு எத்தனை ஆட்டங்கள், எத்தனை நிமிடங்கள். 15 ஆட்டங்களை நெருங்கியிருந்தால் பாதை சரி. ஐந்துக்குக் கீழ் என்றால் அந்த மாதமே லோன் கேளுங்கள், ஆறாம் மட்டமானாலும் சரி, ஏழாம் மட்டமானாலும் சரி. மே பட்டியலில் பெயர் இல்லையென்றால் செப்டம்பர் வகுப்புகளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். ஜூலையில் இரண்டு கிளப்களில் டிரையல் போய்வர அது போதும்.