மார்பகப் புற்றுநோய் இப்போது நிறையப் பேருக்கு வருகிறதே, வந்தால் பிழைப்பது முன்பைவிடக் கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

என் சித்திக்கு 2017இல் வந்தது, வயது 46. குளிக்கும்போது இடது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை, அதனால் கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று நினைத்து ஏழு மாதம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிட்டார், சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. தீபாவளிக்குப் புது ரவிக்கை போடக் கையைத் தூக்கியபோது அந்த இடத்தில் தோல் குழிந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார். “எத்தனை நாளாடி இது?” “வலிக்கலையேக்கா” என்றாராம் சித்தி. ஆரம்பத்தில் பெரும்பாலான கட்டிகள் வலிக்காது, இது பலருக்குத் தெரிவதில்லை. பயாப்ஸி எடுத்துப் பார்த்தபோது அக்குள் நெறிகட்டிகளுக்கும் பரவி மூன்றாம் கட்டமாகியிருந்தது.

“நம்ம குடும்பத்துல யாருக்குமே இல்லையே” என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான். ஆயுள் கூடியது, தாமதமாகப் பிள்ளை பெறுவது, தாய்ப்பால் கொடுக்கும் காலம் குறைவது, உடல் எடை எல்லாம் சேர்ந்துதான் எண்ணிக்கை ஏறுகிறது. 2022 மதிப்பீட்டின்படி உலகத்தில் சுமார் 23 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, 6.7 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பேருக்கு வந்தது, இறந்தவர்கள் 98 ஆயிரம். கிட்டத்தட்ட பாதி! அமெரிக்காவில் 1989க்குப் பிறகு இந்த நோயால் ஏற்படும் இறப்பு விகிதம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. அங்கே மார்பகத்தைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் ஐந்து வருடம் பிழைத்திருப்பவர்கள் 99 சதவீதம், தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் 30 சதவீதத்தை ஒட்டித்தான். நம் ஊரில் பாதிக்குப் பாதி இறப்பதற்கு, சித்தி மாதிரித் தாமதமாகப் போவது ஒரு பெரிய காரணம்.

சரி, சித்திக்கு வருகிறேன். கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன். முதல் முறை சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று நடுங்கிப்போய் எனக்கு ஃபோன் செய்தார். மருந்தின் நிறம்தான் அது. ஹெர்டூ பாசிட்டிவ் வகை, அதாவது புற்றுநோய் செல்களில் ஹெர்டூ (HER2) என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும் வகை என்பதால், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுஜுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஒரு வருடம். 1998இல் அந்த மருந்து வருவதற்கு முன்னால் இந்த வகை மிக மோசமானது என்று பெயர் எடுத்திருந்தது. 2014இல் இந்தியாவிலேயே அதற்கு இணையான மருந்து தயாராகி விலை இறங்கியதால்தான் எங்களால் வாங்க முடிந்தது.

மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை இருபது வருடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையாலேயே மார்பகப் பரிசோதனை செய்தார்கள், மாமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது. அதிலேயே 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. வெறும் கையால்!

சித்தி இப்போது நன்றாக இருக்கிறார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப்போய், “கட்டி கிட்டி இருக்கான்னு பாத்தியாடி?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.