மொட்டை மாடி சோலார்: பெங்களூர் வாசகர் கேள்விகள், எங்கள் ஆண்டுக் கணக்கு

பெங்களூரில் மொட்டை மாடிகளுக்கு சோலார் போட்டுக் கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இந்த வருடம் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

மாதம் 200 யூனிட் வரை இலவசமாகத் தரும் கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டத்தில் எங்களுக்கு பில்லே வருவதில்லை. மானியம் கிடைக்கும்போதே சோலார் போட்டுவிடலாம் என்கிறான் மகன். போடலாமா? (ராமமூர்த்தி நகர்)

இப்போதைக்கு வேண்டாம். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும், உண்மைதான். ஆனாலும் கைக்காசு கணிசமாகப் போகும். வராத பில்லில் எதை மிச்சம் பிடிப்பது? நாளை ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கி 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில் விழும். அப்போது கூப்பிடுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பட்டப்பகலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (அல்சூர்)

இல்லை. பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் லைனோடு சேர்ந்து ஓடும் சோலார் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானே நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிய லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயும். விளக்கும் மின்விசிறியும் ஓடினால் போதும் என்றால் பழைய யுபிஎஸ் இருக்கட்டும்.

பக்கத்து மனைக்காரர் இன்னொரு மாடி எழுப்புகிறார். எங்கள் பேனலுக்கு பாதிப்பு வருமா சார்? (ஸ்ரீராம்புரம்)

அவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று எழுதவில்லையே! வடக்கே என்றால் பெரிதாகக் கவலை இல்லை. கிழக்கோ மேற்கோ என்றால் காலையிலோ மாலையிலோ கொஞ்சம் குறையும். தெற்கே என்றால்தான் சிக்கல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், நம் ஊரில் பத்தடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே ஏழடிக்கு மேல் வடக்கே விழும். பேனலுக்குள் செல்கள் மாலை கோத்த மாதிரி வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒரு மூலையில் நிழல் பட்டாலே, பட்ட அளவைவிட அதிகமாக உற்பத்தி குறையும்.

இதில் நாங்களே தவறியிருக்கிறோம். சென்ற ஏப்ரலில் ஒரு வீட்டில் இடம் பார்த்தபோது சூரியன் உச்சிக்கு நேரே இருந்தது. மாடி முழுக்க வெயில். டிசம்பரில் அந்த வீட்டம்மா கூப்பிட்டு, நண்பகலில் மேடாக இருக்க வேண்டிய மின் உற்பத்தி வரைபடம் பள்ளமாக இருக்கிறது என்றார். தெற்குச் சுவரை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. எங்கள் செலவிலேயே ஸ்டாண்டை உயர்த்தி, இரண்டு பேனல்களை இடம் மாற்றிக் கொடுத்தோம். இப்போது மார்கழி நிழலைக் கணக்குப் பார்க்காமல் யாருக்கும் விலை சொல்வதில்லை. நீங்களும் கட்டடம் முடியும்வரை பொறுங்கள், அப்புறம் பேனலை எங்கே நகர்த்தலாம் என்று பார்க்கலாம்.

அபார்ட்மென்ட் மாடி எல்லோருக்கும் பொது. என் ஃப்ளாட்டுக்கு மட்டும் போட முடியுமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

சங்கம் வழியாகப் போவதே சுலபம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு இவற்றுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மோட்டாரைப் பகலில் ஓட்டுங்கள். பொதுக்குழுத் தீர்மானத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.

போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவலாமா? (கே.ஆர்.புரம்)

உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் தங்கிவிடும். சேமித்த மழைநீர் நல்லது. சோப்பு வேண்டாம், வெயிலில் சுட்ட கண்ணாடி மீது குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம். விடியற்காலையில் கழுவுங்கள்.

உங்கள் நிறுவனத்துக்கு இந்த வருடம் எப்படிப் போனது? அடுத்து என்ன? (ஜீவன்பீமா நகர்)

வேலைக்குக் குறைவில்லை. 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியதும் விசாரிப்பு கூடியது. நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் சாராத வழிகளுக்கு வந்துவிட்டது. 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து வருடம் முன்னதாகவே கைகூடியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பையன்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் போட்டுவிட்டுப் போன மாடிகளைத் திரும்பிப் பார்க்க ஆள் போதவில்லை. பேனல் 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டர், எர்த்திங், கேபிள் மூட்டு எல்லாம் அதற்குள் பலமுறை கவனிப்பு கேட்கும். அதனால் வரும் ஆண்டு புதிய வேலைகளைக் குறைத்துக்கொண்டு, ஐந்து வருடம் கடந்த எங்கள் மாடிகள் எல்லாவற்றையும் சோதிக்கப் போகிறோம்.

இந்த வேலைக்கு கோலார் தங்கவயல் பையன்களைச் சேர்க்கிறோம். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902-ல் மின்சாரம் முதலில் போனது அவர்கள் ஊர்ச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூருக்கு 1905-ல்தான் வந்தது. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு, பிழைப்புக்காக விடியற்காலை ரயிலேறி இங்கே வந்து இரவு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம். பொங்கல் கழித்து முதல் பயிற்சி. தேர்ந்ததும் தங்கவயலிலேயே ஒரு கிளை திறந்து, அந்தப் பக்கத்து மாடிகளை அவர்களிடமே ஒப்படைக்க நினைத்திருக்கிறோம். கிளைக்கு வாடகைக்கு இடம் பார்த்தாயிற்று.