பூச்சி மருந்து ஊற்றியும் ஆடுகள் இறப்பது ஏன்?

கேள்வி: பென்னாகரம் வட்டத்தில் 35 மேச்சேரி செம்மறிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆடுகளுக்கும் தவறாமல் 7 மில்லி பூச்சி மருந்து ஊற்றுகிறேன். ஆனாலும் ஐப்பசி மழைக்குப் பிறகு நான்கு ஆடுகள் தாடைக்குக் கீழே நீர் கோத்து இறந்துவிட்டன. கடைக்காரர் மாற்றிக் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை. இரண்டு பாட்டில்களின் படத்தையும் அனுப்பியுள்ளேன். இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: வீரியமான மருந்தைத் தேடுமுன் இந்த இரண்டு பாட்டில்களையும் பார்ப்போம். முதலாவது அல்பெண்டசோல், இரண்டாவது ஃபென்பெண்டசோல். பெயரும் விலையும் வேறே தவிர, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்குச் சாகாத புழு பெரும்பாலும் மற்றதற்கும் சாகாது. கடையில் "மாற்று மருந்து" என்று கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி இத்தகையதுதான். பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லிப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தாலும் இந்த ஏமாற்று புலப்பட்டுவிடும்.

உங்கள் ஆடுகளைக் கொன்றது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற, ரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுவாக இருக்க வேண்டும். இறந்த ஆட்டின் நான்காம் இரைப்பையை உடனே அறுத்துப் பார்த்தால், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போல ஓர் அங்குல நீளத்தில் அவை நெளிவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்குக் குறையாமல் இடும். மழை ஈரத்தில் அவை ஒரு வாரத்துக்குள் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறிவிடும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் வயிற்றில் மூன்று வாரத்தில் மறுபடியும் முட்டை. ஐப்பசியில் சாவு கூடுவது இதனால்தான்.

அடுத்தது அளவு. அல்பெண்டசோல் செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். உங்கள் பாட்டிலில் 2.5 சதவீதம் என்றிருப்பதால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கிறது. 24 கிலோப் பெட்டை ஆட்டுக்கு 7 மில்லி ஏறத்தாழச் சரி. 36 கிலோக் கிடாவுக்கு 10.8 மில்லி வேண்டும். அதற்கும் 7 மில்லியே ஊற்றினால் மூன்றில் இரண்டு பங்குதான் போகிறது. தாக்குப்பிடிக்கும் புழுக்களை நாமே பொறுக்கி வளர்த்தது போலாகும். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961இல் வந்தது; அதற்கு மசியாத புழுக்கள் 1964இலேயே செம்மறிகளில் பதிவாகிவிட்டன. அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி இது. இருந்தும் முகாம்களில் எடை பார்க்காமல், ஒரே அளவை வரிசையாக ஊற்றி, எத்தனை ஆடுகள் என்று கணக்கெழுதுவதே வேலையாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். இல்லையேல் பெட்டைகளைத் தனியாகவும் கிடாக்களைத் தனியாகவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கனமான ஆட்டின் எடைக்கே அளவு வையுங்கள்.

மூன்றாவதாக, எல்லா ஆடுகளுக்கும் ஊற்றுவதை நிறுத்துங்கள். மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பங்கு சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். வெயிலில் ஆட்டை நிறுத்தி, மேலிமையை ஒரு விரலால் மெல்ல அழுத்தி, கீழிமையைக் கட்டைவிரலால் இறக்கி, உட்புறச் சவ்வின் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் அன்றே கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இதையே ஐந்து படிகளாகக் காட்டுகிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மருந்து பெறாத ஆடுகளில் மிஞ்சும் புழுக்கள் மருந்துக்கு இன்னும் சாகக்கூடியவை. அவை கலந்திருப்பதால்தான் சாகாத புழுவின் வம்சம் மந்தை முழுவதும் பரவாமலிருக்கிறது.

இதில் ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். நம் பக்கத்தில் கிடா ஆண்டு முழுவதும் பட்டியிலேயே நிற்கிறது. எந்த ஆடு எப்போது சினைப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கிடாவைத் தனியே கட்டி முப்பது நாள் கடக்காதவரை, எந்தப் பெட்டை ஆட்டையும் இளஞ்சினை என்றே வைத்துக்கொண்டு, கருவைப் பாதிக்காத மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஆட்டுக்குச் சினை தெரியவில்லை என்பது மருந்து ஊற்றுவதற்குக் காரணமாகாது.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சாணம் சொல்லும். ஊற்றும் நாளில் பத்து ஆடுகளின் ஆசனவாயிலிருந்து நேரடியாகப் புழுக்கை எடுங்கள். பதினான்காம் நாள் அதே ஆடுகளிடம் மறுபடியும் எடுத்து, கால்நடை மருத்துவர் வழியாக மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பி முட்டை எண்ணிக்கை கேளுங்கள். 95 சதவீதத்துக்குக் குறைவாகவே முட்டை குறைந்திருந்தால், அந்தக் குடும்பத்து மருந்தை உங்கள் பட்டிக்கு வாங்க வேண்டாம். வேறு குடும்பத்து மருந்துகளான லெவமிசோலையும் குளோசன்டலையும் மருத்துவர் அளந்து தரட்டும். சந்தையில் தரகர் கையிலிருக்கும் "ஒரே ஊசி"க்கு ஆடுகளை நீட்டாதீர்கள். குளோசன்டல் அளவு மீறினால் ஆடு கண் பார்வையையே இழக்கும்.

போச்சம்பள்ளிச் சந்தையிலோ குந்தாரப்பள்ளியிலோ ஆடு வாங்கும்போது "பூச்சி மருந்து ஊற்றியாயிற்று" என்று தரகர் சொல்வதை நம்பிப் பட்டியில் சேர்க்காதீர்கள். மருந்துக்குச் சாகாத புழு அப்படித்தான் ஊர் விட்டு ஊர் வருகிறது. புது ஆட்டைத் தனியே கட்டி, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, பதினான்காம் நாள் புழுக்கையில் முட்டை இல்லை என்று தெரிந்த பிறகே மந்தையோடு விடுங்கள்.