‘சமயமும் உணவும்’ பாடத்தைக் கல்லூரியில் எங்கிருந்து தொடங்குவது?

“கல்லூரியில் சமயமும் உணவும் பற்றி ஒரு பாடம் நடத்தச் சொன்னால் எங்கே தொடங்குவீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஆறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நான் ஒரு கூறு ஆட்டிறைச்சியில் தொடங்குவேன்.

தேயிலைத் தோட்டத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டினால், கறியைக் கூறு போட்டு லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். முன்பு இலையில் வந்தது, இப்போது சொப்பிங் பேக்கில் வருகிறது. அந்தக் கூறு பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருக்கும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டுக்கும் போகும். அவர்கள் வாங்கலாமா? கரும்பலகையில் இந்தக் கேள்வியை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் நூல்கள். பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் பேசுவது இதே சிக்கலைத்தான். பரிமாறியதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் ‘இது படையல்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். குர்ஆனின் 2:173 வசனம் அல்லாஹ் அல்லாதவர் பெயர் சொல்லப்பட்டதை விலக்குகிறது, வேறு வழியே இல்லாதவர் மேல் குற்றமில்லை என்றும் அதே வசனம் சொல்கிறது. தனக்காகக் கொன்றதாகக் கண்டாலோ கேட்டாலோ சந்தேகப்பட்டாலோ பிக்கு அந்த இறைச்சியை ஏற்கக்கூடாது என்கிறது ‘ஜீவக சுத்த’ என்ற பாளி மொழிப் பௌத்த சூத்திரம். சைவப் பிள்ளைகள் ‘நாங்கள் மரக்கறி’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அப்போது கண்ணப்பரைக் கொண்டுவருவேன். தன் வாயில் ருசி பார்த்த இறைச்சியை அல்லவா அவர் சிவனுக்குப் படைத்தார்! திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஒருமுறை கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “எங்க அம்மா வாங்கிக்குவாங்க மிஸ். வேணாம்னா அவங்க மனசு நோகும்ல? ஆனா நாங்க சமைக்க மாட்டோம், எதிர் லயத்துப் பெரியம்மாவுக்குக் கொடுத்துடுவோம்” என்றாள். அடுத்தவர் மனதுக்காகச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார் பவுல். இந்த அம்மாவோ அடுத்தவர் மனதுக்காக வாங்கிக்கொள்கிறார். எந்த உரையாசிரியரிடமும் நான் இதைப் படித்ததில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். முதல் வருடம் எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு பண்டிகைச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன். மேசை நிறையப் பாற்சோறு, வட்டிலப்பம், சர்க்கரைப் பொங்கல். ஒரு பிள்ளையின் பெட்டியை மட்டும் சில பேர் தொடவே இல்லை. அதிலும் பொங்கல்தான் இருந்தது. காரணம் சமயம் இல்லை, சாதி. அவள் ஒன்றும் பேசாமல் மூடியை அழுத்தி மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த நிலைமையை உண்டாக்கியது நான். இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

அப்புறம் வகுப்புக்குள் சாப்பாடு கொண்டுவரச் சொன்னதே இல்லை. சாதியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தேன், இரண்டு வாரம் முழுதாக. ஒப்படைக்கு ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு பண்டத்தைப் பின்தொடர வேண்டும். யார் சமைத்தார்கள், முதலில் யாருக்குப் போனது, யார் கையால் வாங்க மறுத்தார்கள், எந்த வீட்டைத் தாண்டிப் போனது என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வரும் ஒப்படையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.